ஃபீல்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி: மானுடவியல் ஆராய்ச்சில நெறி, சட்டம் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் மானுடவியல் படிச்சுட்டு நீலகிரி, சத்தியமங்கலம் பக்கமெல்லாம் பல வருஷம் ஃபீல்டு பண்ணவ. ஒவ்வொரு டிசம்பரும் எம்.ஏ. பசங்க ஃபீல்டுவொர்க்குக்குக் கிளம்பறப்போ எனக்கு வாய்ஸ் நோட்டு வர ஆரம்பிச்சுடும், ராத்திரி பதினோரு மணிக்கு "அக்கா ஒரு சின்ன டவுட்டு"ன்னு வரும், அந்தச் சின்ன டவுட்டு எப்பவும் சின்னதா இருக்காது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் பண்ணி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க வாய்வார்த்தைலயே விட்டிருக்கேன். நான் வக்கீல் இல்ல, கேஸுன்னு வந்துட்டா வக்கீலைப் பாருங்க.

1. எத்திக்ஸும் சட்டமும் ஒண்ணுதானே அக்கா? ஏன் தனித்தனியா சொல்றாங்க?

ஒண்ணு இல்ல. சட்டத்தை மீறினா போலீஸ், கோர்ட்டு. நெறியை மீறினா பல சமயம் ஒண்ணுமே ஆகாது, பிரச்சனையே அதுதான். ஒரு பாட்டி அழுதுகிட்டே சொன்ன வீட்டு விஷயத்தை நீங்க கான்ஃபரன்ஸ்ல ஸ்லைடு போட்டுக் காட்டினா எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார், ஆனா அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணைல மறுபடி போய் உக்கார முடியுமா யோசிச்சுப் பாருங்க.

சட்டப்படி சரியா இருந்த எத்தனையோ விஷயம் அசிங்கமாவும் இருந்திருக்கு. மெட்ராஸ் மியூசியம் சூப்பரின்டென்டன்ட் எட்கர் தர்ஸ்டன் மண்டை அகலம், மூக்கு நீளம்னு ஊர் ஊரா அளந்துகிட்டே போனார், 1909-ல ஏழு வால்யூமா அது வந்துச்சு, எல்லாம் சர்க்கார் வேலை. வயநாட்டுப் பணியர் பொம்பளைங்க, தங்கள்ல நல்லா இருக்கறவங்களைப் பிடிச்சுப் பஞ்சடைச்சு மியூசியத்துல வெக்கத்தான் இந்தாளு வந்திருக்கார்னு நினைச்சாங்களாம், அவரே தமாஷா எழுதி வெச்சிருக்கார். எனக்கென்னவோ அந்தப் பொம்பளைங்க ரொம்பவும் தப்பா நினைச்சுட்டதா தோணல.

அமெரிக்க மானுடவியல் சங்கம் 1971-ல எழுதின நெறிமுறைல, யாரை ஆராயறோமோ அவங்களுக்குத்தான் நம்ம முதல் பொறுப்புன்னு வெச்சாங்க. 2012-ல திருத்தினப்போ ஏழு கொள்கையா ஆக்கினாங்க, அதுல முதல்ல நிக்கறது தீங்கு செய்யாதேங்கறது.

2. நான் என்ன ஊசியா போடப்போறேன்? சும்மா பேசத்தானே போறேன், எனக்கு எதுக்கு எத்திக்ஸ் கமிட்டி?

எத்திக்ஸ் கமிட்டின்னா, ஆராய்ச்சியால யாருக்காவது தீங்கு வருமான்னு முன்கூட்டியே பாக்கற குழு. உடம்பு சம்பந்தப்பட்ட எதையாவது தொட்டீங்கன்னா, பிரசவம், சத்துணவு, நாட்டு வைத்தியம், குடிப்பழக்கம் எதுவானாலும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல போட்ட தேசிய நெறிமுறை உங்களையும் பிடிக்கும். அதுல உடல்நலம் தொடர்பான சமூக அறிவியல் ஆராய்ச்சிக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. 2019-ல வந்த மருந்துச் சோதனை விதிகள்படி, உடல்நல ஆராய்ச்சியைப் பாக்கற கமிட்டிகள் அரசுல பதிவு பண்ணியிருக்கணும்.

திருவிழா, உறவுமுறை, கைத்தொழில்னு உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்புன்னா தனிச் சட்டம்னு ஒண்ணும் கிடையாது, உங்க யுனிவர்சிட்டி விதிதான். அது கேக்கலைன்னாலும் போய் உக்காருங்கன்னுதான் சொல்வேன். கமிட்டில பாதி நேரம் டாக்டருங்கதான் இருப்பாங்க, "சாம்பிள் சைஸ் என்ன?"ன்னு கேட்டுக் கடுப்பேத்துவாங்க, ஆனா "இந்தக் கேள்வியை மாமியார் பக்கத்துல இருக்கறப்போ கேப்பியா?"ன்னு ஒருத்தராவது கேட்டுடுவாங்க, அந்த ஒரு கேள்விக்காகவே போகலாம்.

3. ஃபார்மை நீட்டினாலே பயந்து ஓடறாங்க. கையெழுத்து இல்லாம கன்சன்ட் செல்லுமா?

பயப்படத்தான் செய்வாங்க. வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வெச்சு நெலத்தை விட்டவங்க பேரன்பேத்திங்கதான் உங்க முன்னாடி நிக்கறாங்க, நீங்க வேற இங்க் பேடோட போய் நின்னா?

முதல்ல கன்சன்ட்னா அந்தப் பேப்பர் இல்ல. நான் யாரு, எதுக்கு வந்திருக்கேன், இதனால உனக்கு என்ன வரும், பல சமயம் ஒண்ணும் வராது, எப்ப வேணும்னாலும் "போதும் போ"ன்னு சொல்லலாம், சொன்னா எந்த சலுகையும் போகாது. இதெல்லாம் அவங்க பேசற பாஷைல புரிஞ்சு அவங்க சரின்னு சொல்றதுதான் கன்சன்ட். எழுதப்படிக்கத் தெரியாதவங்கன்னா ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும், கைநாட்டும் வாங்கலாம். எழுத்து வேணாம், வாய்மொழியா போதும்னு உங்க கமிட்டிட்ட முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கலாம். ஃபீல்டுக்குப் போனப்புறம் நீங்களா முடிவு பண்ணாதீங்க.

பதினெட்டு வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா சம்மதம் கட்டாயம், அது போக 7 முதல் 12 வயசுக் குழந்தைட்ட வாயால ஒப்புதல், 12-க்கு மேல எழுத்துல. அப்பா சரின்னு சொல்லி பொண்ணு தலையாட்ட மாட்டேங்குதுன்னா பொண்ணு சொல்றதுதான்.

4. ஊர்த்தலைவர் ஓகே சொல்லிட்டாரு, இனிமே ஒவ்வொருத்தர்ட்டயும் கேக்கணுமா?

கேக்கணும். தலைவர் திறந்து விடறது ஊர் வாசலை மட்டும்தான், வீட்டு வாசல் அவங்கவங்களோடது. தலைவரே கூட்டிட்டுப் போய் "இந்தப் பொண்ணுகிட்ட பேசு"ன்னு சொன்னா அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது, அது கன்சன்ட் ஆகாது. நான் மறுநாள் தனியா ஒரு தடவை போய்க் கேப்பேன். "நேத்து நீ வந்தப்போ வேலை இருந்துச்சு கண்ணு"ன்னு நழுவினாங்கன்னா விட்டுடுவேன். நம்ம ஊர்ல யாரும் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லமாட்டாங்க, டீ போட்டுக் குடுத்துட்டு நாளைக்கு வான்னுவாங்க, மூணு தடவை "நாளைக்கு வா"ன்னுட்டாங்கன்னா புரிஞ்சுக்கணும்.

5. ஊரு ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள இருக்கு. யார்ட்ட பர்மிஷன்?

சரணாலயம், புலிகள் காப்பகம்னா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27, 28-வது பிரிவைப் பாருங்க, ஆராய்ச்சிக்கு உள்ள போக தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும். முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை எல்லாம் இதுலதான் வரும். மாசக்கணக்குல இழுக்கும், ஜூன்லயே போடுங்க. ஊட்டி முத்தோரை பாலாடால இருக்கற பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, நீங்க பண்ண நினைக்கறதை ஏற்கனவே யாராவது பண்ணியிருக்காங்களான்னு தெரியும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு தமிழ்நாட்டுல ஆறு சமூகம் மத்திய அரசோட பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் பட்டியல்ல இருக்கு, இவங்க வீட்டுக் கதவைத் தட்டாத ஆராய்ச்சியாளரே கிடையாது. கேட்ட கேள்வியையே போய்க் கேட்டு நிக்காதீங்க.

ஒரு ஃபாரஸ்ட் கார்டோட ஜீப்புல போய் இறங்கினீங்கன்னா, வனத்துறையோட ஊருக்கு இருக்கற சண்டை மொத்தமும் உங்க மேல ஒட்டிக்கும். வன உரிமைச் சட்டம் 2006-ல வந்தும் பட்டா வராத ஊருன்னா கேக்கவே வேணாம். அனுமதிக் கடிதம் பையில இருக்கட்டும், நீங்க பஸ்ல போய் நடந்து போங்க.

6. அந்தமான் போய் ஜாரவா பழங்குடி பத்தி பண்ணலாமா? 2018-ல தடையை எடுத்துட்டாங்கன்னு படிச்சேனே?

எடுத்தது வேற. 2018 ஆகஸ்ட்ல 29 தீவுக்கு வெளிநாட்டுக்காரங்க தனி அனுமதி வாங்கணுங்கற விதியைத் தளர்த்தினாங்க, வெளியாளை அண்டவிடாத சென்டினல் பழங்குடிங்க இருக்கற வடக்கு சென்டினல் தீவும் அதுல இருந்துச்சு. ஆனா 1956-ல போட்ட ஆதிப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை அப்படியேதான் இருக்கு, 2012-ல தண்டனையைக் கூட்டவும் செஞ்சாங்க. அனுமதி இல்லாம உள்ள போறது, படம் எடுக்கறது ரெண்டுமே குத்தம். அதே 2018 நவம்பர்ல மீனவங்களுக்குக் காசு குடுத்து சென்டினல் தீவுக்குப் போன அமெரிக்கப் பையன் செத்துப்போனது எல்லாருக்கும் தெரியும், அவனைக் கூட்டிட்டுப் போன மீனவங்களைக் கைது பண்ணாங்க, அதைத்தான் யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல.

1880-ல போர்ட்மேன்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அந்தத் தீவுலேர்ந்து ஒரு வயசான ஜோடியையும் நாலு குழந்தையையும் பிடிச்சு போர்ட் பிளேருக்குக் கொண்டு வந்தார். பெரியவங்க ரெண்டு பேரும் சீக்குல செத்துட்டாங்க, குழந்தைங்களை சாமான் செட்டோட திருப்பி விட்டுட்டு வந்தாங்க. 1999-ல ஜாரவாக்களுக்குத் தட்டம்மை வந்துச்சு, அவங்க வெளியாளுங்களோட பழக ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே. அதனால உங்க சளியே அங்க ஆயுதம். "அவங்க கன்சன்ட்"னு கேக்கறீங்களா? சென்டினல்காரங்க வில்லெடுத்துக் காட்டறாங்களே, அதைவிடத் தெளிவா வேற எப்படிச் சொல்றது.

7. பேசறவங்களுக்குக் காசு குடுக்கலாமா கூடாதா?

கூலி நாளைக் கெடுத்தீங்கன்னா அந்தக் கூலியைக் குடுங்க. அது லஞ்சம் இல்ல, ஐ.சி.எம்.ஆரும் இழந்த கூலியையும் போக்குவரத்துச் செலவையும் குடுக்கலாம்னுதான் சொல்லுது. காசுக்காகவே ஒத்துக்கற அளவுக்குப் பெருசா இருக்கக்கூடாது, அவ்ளோதான். எல்லாருக்கும் ஒரே அளவு குடுங்க. ஒரு வீட்டுக்கு 500, பக்கத்து வீட்டுக்கு வெறும் பிஸ்கெட் பாக்கெட்டுன்னா நீங்க கிளம்பின பிறகும் அந்தச் சண்டை ஓடும். சாராயம் வாங்கிக் குடுத்துப் பேச வெக்கறது பழைய காலத்து வித்தை, இப்பவும் பண்றவங்க இருக்காங்க, பேர் சொல்ல வேணாம்.

8. பேரை மாத்திட்டா போதும்ல?

போதாது, இதுல நானே சூடுபட்டவ. என் தீசிஸ்ல ஊர் பேரை மாத்தினேன், ஆள் பேரை எல்லாம் மாத்தினேன், ஆனா "ஊரிலேயே முதலில் பட்டம் வாங்கிய பெண்"னு ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஊர்ல டிகிரி வாங்கினது ஒரே ஒருத்தி. அவ அண்ணன் நெலத்தை அடமானம் வெச்சதை எங்கிட்ட சொல்லியிருந்தா, அதையும் அதே பக்கத்துல எழுதியிருந்தேன். மூணு வருஷம் கழிச்சு ஊர்ப் பையன் ஒருத்தன் ஃபோன்ல அதைத் தேடி எடுத்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டியிருக்கான். அண்ணன் அவகூடப் பேசறதையே நிறுத்திட்டார். நான் போய் மன்னிப்பு கேட்டேன், "பரவால்லக்கா"ன்னா, அந்தப் பரவால்ல இன்னும் குத்துது.

இப்ப பி.எச்.டி. தீசிஸ் எல்லாம் ஷோத்கங்காங்கற இணையக் களஞ்சியத்துல ஏத்தியாகணும், யார் வேணும்னாலும் படிக்கலாம், தமிழ்ல தேடினாலும் மாட்டும். அதனால வெளியூர்க்காரனுக்குத் தெரியாம இருக்கறது பத்தாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாம இருக்கணும். வயசை நாலு முன்னப்பின்ன மாத்துங்க, ஒருத்தர் கதையை ஒரே ஆள் மேல ஏத்தாம ரெண்டு பேரா பிரிச்சுப் போடுங்க, சிலதை எழுதாமயே விடுங்க. அப்புறம் சில பேர் "என் பேரைப் போடு, நான்தான் சொன்னேன்னு தெரியட்டும்"பாங்க, பாட்டுக்காரங்க, வைத்தியக்காரங்க முக்கியமா. அவங்க பேரை மறைச்சா அது திருட்டு. கேளுங்க, கேட்டுட்டு எழுதுங்க.

9. போலீஸ் வந்து என் நோட்டுப் புக்கைக் கேட்டா தரமாட்டேன்னு சொல்லலாமா?

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவுல இருக்கற ரகசியத்துக்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு. நமக்குக் கிடையாது. 2024 ஜூலைலேர்ந்து நடைமுறைல இருக்கற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது பி.என்.எஸ்.எஸ்., 94-வது பிரிவுல ஆவணத்தைக் கொண்டு வான்னு சம்மன் அனுப்பலாம், பழைய சி.ஆர்.பி.சி.ல 91-ன்னு இருந்தது அதான். உங்க ஃபோனும் அதுல வரும்.

அமெரிக்காவுல பாஸ்டன் காலேஜ்காரங்க வட அயர்லாந்து ஆயுதப் போராட்டத்துல இருந்தவங்களைப் பேச வெச்சு ரெக்கார்ட் பண்ணாங்க, நீங்க சாகற வரைக்கும் வெளிய விடமாட்டோம்னு வாக்குக் குடுத்து. 2011-ல சம்மன் வந்துச்சு, கோர்ட்டுக்குப் போயும் முழுசா காப்பாத்த முடியல, டேப்பு சிலது போலீஸ் கைக்குப் போச்சு. அதனால "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. "என்னால முடிஞ்ச வரைக்கும்"னு சொல்லுங்க, ஏன் அப்படின்னும் சொல்லுங்க. ஆபத்தான விஷயத்தை எழுதியே வெக்காதீங்க. வேட்டை, சாராயம், கஞ்சா பேச்சு வந்தா நான் பேனாவை மூடி வெச்சுடுவேன், அவங்களுக்கும் அது தெரியும்.

10. பதினாறு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கு, மாசமா இருக்கு. நான் என்ன பண்ணணும்?

இருக்கறதுலயே கஷ்டமான கேள்வி இது. குழந்தைங்களைப் பாலியல் குத்தத்துலேர்ந்து பாதுகாக்கற போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி குத்தம் நடந்தது தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியாகணும், சொல்லலைன்னா 21-வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ஆராய்ச்சியாளர்னு விலக்கு இல்ல. சொன்னா அந்தப் பையன் உள்ள போவான், பொண்ணு அடுத்த செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்கே போகமாட்டா, ஊர் உங்களை மட்டும் இல்ல இனிமே வர்ற நர்ஸையும் நம்பாது. சொல்லாட்டி நீங்க சட்டத்தை மீறினவங்க, அந்தப் பொண்ணு நெஜமாவே அடி வாங்கிட்டு இருந்தான்னா அதுக்கும் நீங்க உடந்தை.

இதுக்கு அழகான விடை எங்கிட்ட இல்ல. நான் செய்யறது இது: பேச ஆரம்பிக்கறப்பவே, "சின்னப் பிள்ளைங்களுக்கு ஏதாவது நடந்தது தெரிஞ்சா என்னால மறைக்க முடியாது"ன்னு சொல்லிடறது. என்ன சொல்றது எதை விடறதுன்னு அவங்க முடிவு பண்ணிக்கட்டும். அதையும் மீறித் தெரிஞ்சுடுச்சுன்னா அன்னிக்கே கைடுக்கும் கமிட்டிக்கும் போன், தனியா முடிவெடுக்காதீங்க. 1098-ங்கற குழந்தைகள் உதவி எண் கைல இருக்கட்டும். குழந்தையோட பேரு, படம், ஸ்கூல் எதுவும் எழுத்துல வரவே கூடாது, அது தனிக் குத்தம்.

11. ரெக்கார்டர் பாத்தா செயற்கையா பேசறாங்க. ஃபோனைப் பாக்கெட்ல வெச்சு ஆன் பண்ணிக்கலாமா?

கூடாது. 2017-ல சுப்ரீம் கோர்ட்டு அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சு, அதை விடுங்க, உங்க வீட்டுல ஒருத்தர் அப்படி வந்து உக்காந்தா என்ன பண்ணுவீங்க? ரெண்டு வாரம் போனா ரெக்கார்டரை மறந்துடுவாங்க. அப்பவும் அப்பப்போ ஞாபகப்படுத்தணும்.

12. வாட்ஸப் குரூப்புல நானும் மெம்பர். அதுல வர்றதை டேட்டாவா எடுக்கலாமா?

அத்தை மகன் உங்களைச் சேத்தது சொந்தக்காரியா, ஆராய்ச்சியாளரா இல்ல. அட்மின்ட்ட சொல்லி குரூப்புலயும் போடுங்க, வேணாங்கறவங்க மெசேஜை எடுக்காதீங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, ஒருத்தர் தானே பொதுவெளில போட்டது சட்டத்துக்கு வெளிய, ஆராய்ச்சிக்கும் நிபந்தனையோட விலக்கு இருக்கு. ஆனா மூடின குரூப்பு பொதுவெளி இல்ல. அப்படியே மேற்கோள் போட்டா தேடிக் கண்டுபிடிச்சுடுவாங்க, 8-வது பதிலைப் பாருங்க.

13. மூலிகை பத்தி ஒரு தாத்தா நிறைய சொல்றாரு. எழுதிப் போடலாமா?

நிதானம். அகத்தியமலைல காணிக்காரங்க களைப்பு தெரியாம நடக்க மென்ன ஒரு காயைப் பாத்துத்தான் திருவனந்தபுரத்து தாவரவியல் தோட்டக்காரங்க ஆரோக்கியப்பச்சையை எடுத்து ஜீவனின்னு மருந்து பண்ணாங்க. உரிமைத் தொகையிலயும் ராயல்டியிலயும் பாதி காணிகளுக்குன்னு முடிவாச்சு, 1997-ல அதுக்கு டிரஸ்ட்டும் வந்துச்சு. உலகமே பாராட்டுச்சு, ஆனா காணிகளுக்குள்ளயே யார்ட்ட கேட்டீங்கன்னு சண்டை வந்துச்சு. ஒருத்தர் சொல்லலாம், அறிவு ஊருக்கே சொந்தமா இருக்கலாம்.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டுக்காரங்க, வெளிநாட்டு நிறுவனம் இதைத் தொடணும்னா தேசிய பல்லுயிர் ஆணையத்துட்ட அனுமதி வாங்கணும், ஆபீஸு சென்னை தரமணிலதான் இருக்கு. நீங்க இந்தியரா இருந்தாலும் உங்க கோ-ஆதர் வெளிநாடுன்னா கேட்டுத் தெளிவு பண்ணிக்குங்க. எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்ளோன்னு பேப்பர்ல போட்டுட்டீங்கன்னா அதைத் திருப்பி எடுக்க முடியாது.

14. எச்சில் சாம்பிள் எடுக்கறோம், ஒரு தடவை கன்சன்ட் வாங்கினா வேற ஆராய்ச்சிக்கும் உபயோகிக்கலாமா?

அமெரிக்காவுல அரிசோனால ஹவாசுபாய்ங்கற பழங்குடி மக்கள் சர்க்கரை வியாதிக்குன்னு 1990-லேர்ந்து ரத்தம் குடுத்தாங்க. அவங்க ஊர்ல அந்த வியாதி அப்படி. ஆனா அந்த ரத்தத்தை மனநோய், உறவுக்குள்ள கல்யாணம், அவங்க எங்கேர்ந்து வந்தாங்கங்கறதுக்கெல்லாம் யூஸ் பண்ணிட்டாங்க. அந்தப் பள்ளத்தாக்குலதான் பொறந்தோம்னு நம்பறவங்ககிட்ட, நீங்க ஆசியாலேர்ந்து வந்தவங்கன்னு அவங்க ரத்தத்தை வெச்சே சொல்லிட்டாங்க. 2010-ல யுனிவர்சிட்டி 7 லட்சம் டாலர் குடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் குடுத்துச்சு. ஆளுங்க போய் அதை வாங்கிட்டு வந்தாங்க. அதனால ஒவ்வொரு உபயோகத்துக்கும் தனியா கேளுங்க.

15. வயல்ல முதுமக்கள் தாழி கெடைச்சுது, டிபார்ட்மென்ட்டுக்கு எடுத்துட்டு வரலாமா?

தொடாதீங்க. 1878 புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல போனாலே கலெக்டருக்குச் சொல்லணும். சிரிக்காதீங்க, நெஜம். தாசில்தார்ட்டயோ தொல்லியல் துறைலயோ சொல்லுங்க. மனுஷ எலும்புன்னா இன்னும் ஜாக்கிரதை, 2024 அக்டோபர்ல இங்கிலாந்துல ஒரு நாகா மண்டை ஓட்டை ஏலத்துக்கு வெச்சு, நாகா மக்கள் எதிர்ப்புல வாபஸ் வாங்கினாங்க. யாரோ ஒருத்தரோட பாட்டன் அது.

16. ரகசியமான சடங்கு, எனக்கு மட்டும் சொன்னாங்க. சயின்ஸுக்காக எழுதித்தானே ஆகணும்?

எந்த சயின்ஸும் அப்படிக் கேக்கல. ரிவர்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் மானுடவியலாளர் நீலகிரில தோடர்கள்ட்ட போனார், 1906-ல புத்தகம் போட்டார், இன்னிக்கும் அதைப் படிக்காம யாரும் நீலகிரி ஏறமாட்டாங்க. செத்தவங்க பேரைச் சொந்தக்காரங்க சொல்லக்கூடாதுங்கறது தோடர் வழக்கம், அதனால வேற ஆளுங்களைத் தனியா கூப்பிட்டு வெச்சு வம்சாவளி வாங்கினார். கொஞ்ச நாள்ல ஊர்ல சிலருக்கு சீக்கு வந்துச்சு, சாவு விழுந்துச்சு, அந்நியனுக்கு ரகசியம் சொன்னதுக்கு சாமி கோச்சுக்கிச்சுன்னு ஜனங்க நம்பினாங்க, யாரும் வாயைத் திறக்கல, அவரும் மூட்டை கட்டினார். இதை அவரே எழுதியிருக்கார், நேர்மைதான். ஆனா எழுதினதுல ரகசியமும் சேந்தே இருக்கு. சாமி கோச்சுக்கறதை நீங்க நம்பணும்னு இல்ல, அந்த வீட்டுல சாவு விழுந்தப்போ "நான் சொன்னதாலதான்"னு ஒருத்தர் தூங்காம கெடந்திருப்பாரே, அது தீங்குதானே.

17. என் சொந்த ஊரு, என் சொந்த சாதி. எனக்கு எதுக்கு இதெல்லாம்?

உங்களுக்குத்தான் ரொம்ப வேணும். வெளியாள் வந்தா வாயை மூடிப்பாங்க, உங்க முன்னாடி மூடமாட்டாங்க. நோட்டைத் திறக்கறப்போ "இப்ப நான் படிக்கறதுக்காக கேக்கறேன் சித்தி"ன்னு சொல்லிடுங்க.

18. வேலை கெடைச்சிருக்கு, ஒரு திட்டத்துக்கு "மக்கள் மனநிலை" ஸ்டடி. போகலாமா?

ரிப்போர்ட் யார் கைக்குப் போகும், ஊர்க்காரங்க அதைப் படிக்க முடியுமா, இந்த ரெண்டையும் கேட்டு எழுத்துல வாங்குங்க. மக்களைக் காலி பண்ண வெக்கறதுக்குத்தான்னா போகாதீங்க. 1919-ல ஃபிரான்ஸ் போவாஸ்ங்கற அமெரிக்க மானுடவியலாளர், ஆராய்ச்சின்னு சொல்லிட்டு உளவு பாத்த நாலு மானுடவியலாளரைக் கண்டிச்சு எழுதினதுக்கு, அமெரிக்க மானுடவியல் சங்கம் உளவு பாத்தவங்களை விட்டுட்டு அவரைக் கண்டிச்சுச்சு. 2005-லதான் அந்தக் கண்டனத்தை வாபஸ் வாங்கினாங்க. அவர் செத்தே அறுபது வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு.

19. எழுதினதைப் படிச்சுட்டு "இதை எடு"ன்னு சொன்னா எடுக்கணுமா?

அவங்களைப் பத்தினதுன்னா எடுத்துடுங்க. ஊர்ப் பெரியமனுஷன் பண்ண அக்கிரமத்தைப் பத்தினது, அந்தாளே எடுக்கச் சொல்றாருன்னா அது வேற கணக்கு, சொன்னவங்களுக்கு ஆபத்து இல்லாம எழுத முடியுமான்னு பாருங்க, முடியும்னா எழுதுங்க.

8-வது பதில்ல சொன்ன கூத்துக்கு அப்புறம் நான் எழுதினதை ஊருக்கே எடுத்துட்டுப் போய் சத்தமா படிச்சுக் காட்டறது வழக்கமாச்சு. போன தடவை ஒரு இருளர் தாத்தா, தேன் எடுக்கப் போனதைப் பத்தி அவர் சொன்ன நாலு பக்கத்தையும் கண்ணை மூடிக் கேட்டுட்டு, முகத்தைத் தூக்கி வெச்சுகிட்டார். எதை எடுக்கச் சொல்லப் போறாரோன்னு எனக்கு வயித்தைக் கலக்குச்சு. "அன்னிக்கு எங்கூட வந்துச்சே நாயி, அதை விட்டுட்டியே"ன்னார். பேரு என்ன தாத்தான்னு கேட்டு, அங்கயே உக்காந்து சேத்து எழுதினேன்.